வீடு திருகோணமலை, வேலை கட்டுநாயக்க: கேபின் குழுவில் புதிதாகச் சேருபவர்கள் ஓய்வு நேரத்தைக் கணக்கிடுவது எப்படி

விமானம் வந்து நின்றுவிட்டது. கதவை டிசார்ம் செய்யச் சொல்லி, அதாவது திறக்கும்போது அவசரச் சறுக்கி விரியாதபடி லீவரை மாற்றச் சொல்லி, அறிவிப்பும் வந்துவிட்டது. நான் செய்தேனா இல்லையா என்பது எனக்கு ஞாபகமில்லை. கை மட்டும் பழக்கத்தில் கதவின் பெரிய பிடிக்குப் போனது. எதிர்க் கதவில் நின்ற அக்கா எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒன்றும் பேசவில்லை, கண்ணால் லீவரைக் காட்டினார். அது இன்னும் ஆர்ம் நிலையிலேயே இருந்தது. அப்படியே திறந்திருந்தால் அவசரச் சறுக்கி சில விநாடிகளில் ஊதிக்கொண்டு வெளியே பாய்ந்திருக்கும். வெளியே படிக்கட்டில் ஒருவர் நின்றிருந்தார்.

அதற்கு முந்தைய முப்பது மணித்தியாலத்தில் நான் தூங்கியது இவ்வளவுதான்: உவர்மலை வீட்டில் அம்மாவின் கட்டிலில் மூன்று மணித்தியாலம், திரும்பி வரும்போது ஹபரணைக்கும் தம்புள்ளைக்கும் நடுவில் பஸ் ஜன்னலில் தலை இடிக்க இடிக்க ஒரு கோழித் தூக்கம். ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், எனக்கு முழு ஓய்வு கொடுத்திருந்தார்கள். விதிப்படி ஒரு குறையும் இல்லை. அந்த ஓய்வை ஏ1 வீதியிலும் ஏ6 வீதியிலும் செலவழித்தது நான்தான்.

திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். சீனக்குடாவில் ஓடுபாதை இருந்தும் நமக்கு என்னவோ பஸ்தான். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. கம்பனியின் கையேடு உள் ஆவணம், அதன் எண்களை வெளியே எழுத முடியாது. அதனால் கீழே வரும் எண்கள் எல்லாம் யாரும் வாசிக்கக்கூடிய ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பணிநேர விதியிலிருந்து எடுத்தவை. கணக்குப் போடும் முறையைப் பிடித்துக்கொண்டு, எண்களை உங்கள் கையேட்டிலிருந்து மாற்றிப் போடுங்கள். உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் கையேடுதான்.

1. நான்கு சொற்களைப் பிரித்துப் பழகுங்கள்

பயிற்சி வகுப்பில் இதை அரை மணித்தியாலத்தில் ஓட்டிவிடுவார்கள். ஆனால் பின்னால் வரும் குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

பறப்பு நேரம் என்பது விமானம் தரிப்பிடத்திலிருந்து அசைந்தது முதல் அடுத்த இடத்தில் வந்து நிற்கும் வரை. பறப்புப் பணி நேரம், அதாவது எல்லோரும் எஃப்டிபி என்று சொல்வது, ரிப்போர்ட்டிங் நேரத்தில் (வேலைக்கு வந்து நிற்கச் சொன்ன நேரம்) தொடங்கி கடைசி செக்டர் (ஒரு தடவை ஏறி இறங்கும் பறப்பு) முடிந்து எஞ்சின் நிற்கும் வரை. பணி நேரம் இன்னும் நீளம்: பறந்து முடிந்த பிறகு செய்யும் வேலை, பயிற்சி, பயணியாக உட்கார்ந்து வேறு இடத்துக்குப் போகும் பொசிஷனிங் எல்லாம் அதில் அடங்கும். ஓய்வு நேரம் இந்தப் பணி நேரம் முடிந்த பிறகுதான் தொடங்கும்.

பொறி இதுதான்: ஓய்வு நேரம் என்றால் தூங்கும் நேரம் இல்லை. பணி முடிந்த நிமிடத்திலிருந்து அடுத்த ரிப்போர்ட்டிங் வரை உள்ள மொத்த நேரம் அது. வீட்டுக்குப் போவது, குளிப்பது, சீருடை அயர்ன் பண்ணுவது, திரும்பி வருவது எல்லாம் அதற்குள்தான்.

2. கையேட்டின் 7ஆம் அத்தியாயத்தைத் தேடுங்கள்

ஒப்பரேஷன்ஸ் மனுவல் ஏ பகுதியில் வழக்கமாக 7ஆம் அத்தியாயம்தான் பணிநேர வரையறையும் ஓய்வும். டாப்லெட்டில் அதைத் திறந்து புக்மார்க் செய்யுங்கள். முதல் வாசிப்பில் ஒன்றும் விளங்காது, பரவாயில்லை. பின்வருவன எங்கே இருக்கின்றன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளுக்கான எஃப்டிபி அட்டவணை, குறைந்தபட்ச ஓய்வு, வாராந்த ஓய்வு, ஸ்டாண்ட்பை (கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பது), கப்டனின் விருப்புரிமை.

ஒப்பிட்டுப் பார்க்க ஐரோப்பிய எண்கள்: பணி நேரம் தொடர்ச்சியான 7 நாளில் 60, 14 நாளில் 110, 28 நாளில் 190 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. பறப்பு நேரம் 28 நாளில் 100, ஒரு காலண்டர் வருடத்தில் 900, தொடர்ந்த 12 மாதத்தில் 1000. இங்கே "தொடர்ச்சியான" என்ற சொல்லைக் கவனியுங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை என்று எண்ணக் கூடாது. எந்த நாளில் நின்று பார்த்தாலும் பின்னால் உள்ள 7 நாள். முதல் மூன்று மாதமும் நான் காலண்டர் வாரமாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாளின் எஃப்டிபி எவ்வளவு நீளலாம் என்பது நீங்கள் எத்தனை மணிக்கு ரிப்போர்ட் பண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலை 6:00 முதல் பிற்பகல் 1:29 வரை தொடங்கினால், ஒன்று இரண்டு செக்டருக்கு 13 மணித்தியாலம். மாலை 5:00 முதல் அதிகாலை 4:59 வரை தொடங்கினால் அதே வேலைக்கு 11 மணித்தியாலம்தான். மூன்றாவது செக்டரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலம் குறையும். அதிகாலை 2:00 முதல் 5:59 வரை உடம்பு அடியில் கிடக்கும் நேரம் என்று விதியே ஒத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கலியில், அதாவது விமானத்தின் சமையல் பகுதியில், நின்று 180 தேநீர் ஊற்றியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

3. ரோஸ்டர் வந்த அன்றே இலங்கை நேரத்துக்கு மாற்றுங்கள்

பல கம்பனிகளின் ரோஸ்டர் உலகப் பொது நேரத்தில்தான் வரும். குழுவினர் அதை ஸூலு என்பார்கள். நமக்கு 5 மணித்தியாலம் 30 நிமிடம் கூட்ட வேண்டும். இதில் வரும் பொறி மணி அல்ல, திகதி. ரோஸ்டரில் 14ஆம் திகதி 22:30 என்று இருந்தால், நமக்கு அது 15ஆம் திகதி அதிகாலை 4:00.

நான் ஒருமுறை 14ஆம் திகதி இரவு என்று நினைத்து, அன்று பகல் முழுக்கத் தூங்கி, மாலையில் குளித்து, சீருடையோடு உட்கார்ந்திருந்தேன். பிக்அப் வாகனம் வரவில்லை. போன் அடித்துக் கேட்டால் "தங்கச்சி, அது விடிய" என்றார் சாரதி. வேலைக்குப் பிந்தவில்லைதான். ஆனால் இரவில் தூங்க வேண்டிய தூக்கத்தைப் பகலிலேயே தூங்கித் தீர்த்துவிட்டு, வெறும் முழிப்போடு விடியற்காலை வேலைக்குப் போனேன்.

மாற்றிய நேரத்தைப் பேப்பரில் எழுதி ஒரு பிரதியை வீட்டுக்கு அனுப்புங்கள். ரோஸ்டர் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் கிடைத்தால் நல்ல கம்பனி. ஐரோப்பிய வழிகாட்டல் கேட்பதும் அந்த 14 நாள்தான்.

4. "வீட்டுக்குப் போகலாமா?" கணக்கு

நம்மூர்க்காரருக்கு இதுதான் முக்கியம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வீட்டுத்தளத்தில், அதாவது கட்டுநாயக்கவில், குறைந்தபட்ச ஓய்வு 12 மணித்தியாலம் அல்லது நீங்கள் செய்து முடித்த பணி நேரம், இரண்டில் எது பெரிதோ அது. வெளியூரில் லேஓவர், அதாவது அடுத்த பறப்பு வரை அங்கேயே தங்கல், என்றால் 10 மணித்தியாலம் அல்லது முடித்த பணி நேரம், எது பெரிதோ அது. அதற்குள் 8 மணித்தியாலம் தூங்க வாய்ப்பும் இருக்க வேண்டும். வீட்டுத்தளம் என்பது ஒப்பந்தத்தில் கம்பனி எழுதித் தந்த இடம். உங்கள் அடையாள அட்டையில் உள்ள முகவரியை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

ஒரு உதாரணம். நீங்கள் சென்னை போய்த் திரும்பும் இரவு வேலை. ரிப்போர்ட்டிங் திங்கள் இரவு 10:00, பணி முடிவது செவ்வாய் அதிகாலை 4:30. பணி ஆறரை மணித்தியாலம், அதனால் ஓய்வு 12. செவ்வாய் மாலை 4:30க்கு உங்களைத் திரும்பக் கூப்பிடலாம், சட்டப்படி சரி. திருகோணமலைக்குப் பஸ்ஸில் ஆறு ஏழு மணித்தியாலம். போனதும் திரும்ப வேண்டும். "ஒருக்கால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருத்தி.

இனி வாராந்த ஓய்வு. 36 மணித்தியாலம், அதற்குள் இரண்டு உள்ளூர் இரவு இருக்க வேண்டும். ஒரு வாராந்த ஓய்வு முடிந்து அடுத்தது தொடங்க 168 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. உள்ளூர் இரவு என்றால் இரவு 10:00க்கும் காலை 8:00க்கும் இடையில் முழுதாக 8 மணித்தியாலம். அதே செவ்வாய் 4:30க்கு முடித்தவருக்கு இதைப் போட்டுப் பாருங்கள். செவ்வாய் விடியலில் மிச்சமிருக்கும் மூன்றரை மணித்தியாலம் இரவாகக் கணக்கில் வராது. செவ்வாய் இரவு ஒன்று, புதன் இரவு ஒன்று. ஆகவே வியாழன் காலை 6:00க்கு முன்னால் உங்களைத் தொட முடியாது. கிட்டத்தட்ட 50 மணித்தியாலம்.

இதில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் எப்படிப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிழையான வழி: செவ்வாய் பகல் பஸ்ஸில் போய், புதன் இரவு மெயில் ரயிலில் திரும்புவது. மலிவு, பகல் முழுக்க வீட்டில் இருக்கலாம், அதனால் எல்லோருக்கும் ஆசை. ஆனால் விதி உங்களுக்குக் கொடுத்த இரண்டாவது இரவை ரயிலின் நிமிர்ந்த சீட்டில் தொலைக்கிறீர்கள். விடியலில் கொழும்பு கோட்டையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். கல்ஓயாச் சந்தியில் வண்டி நிற்கும்போது கடலை விற்பவரின் குரலுக்கு விழிக்காதவர் யாராவது இருந்தால் அவர் இந்தக் கட்டுரையை வாசிக்கத் தேவையில்லை.

சரியான வழி: கட்டுநாயக்கப் பக்கத்திலேயே செவ்வாய் காலை இரண்டு மூன்று மணித்தியாலம் தூங்கிவிட்டுப் பஸ் ஏறுங்கள். இரவு வீட்டில். புதன் மதியச் சோற்றோடு கிளம்பி, இரவு பத்துக்கு முன் கட்டுநாயக்கவில் உங்கள் சொந்தக் கட்டிலில் விழுங்கள். கடைசி இரவு எப்போதும் தளத்தில். இந்த ஒன்றை மட்டும் நான் எதற்காகவும் மீறுவதில்லை, தங்கையின் பிறந்தநாளுக்குக்கூட.

5. கட்டுநாயக்கப் பக்கம் ஒரு கட்டில்

வீட்டிலிருந்து தளத்துக்கு வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் எடுத்தால், தளத்துக்குக் கிட்டத் தற்காலிகமாகத் தங்க ஒழுங்கு செய்யுங்கள் என்று ஐரோப்பிய வழிகாட்டல் குழுவினருக்குச் சொல்கிறது. 90 நிமிடத்தில் நாம் கந்தளாயைத் தாண்டியிருப்போம், அவ்வளவுதான். ஆகவே அறை என்பது சேர்ந்த முதல் மாதத்துச் செலவு. "கொஞ்சம் காசு சேரட்டும், பிறகு எடுப்போம்" என்று நான் ஐந்து மாதம் தள்ளினேன், கதவுச் சம்பவம் அந்த ஐந்தாவது மாதத்தில்தான்.

சீதுவையில் மூன்று பேர் சேர்ந்து எடுத்தோம். என் பங்கு மாதம் 15,000 ரூபாய், கரண்டும் தண்ணியும் தனி. மூன்று மாத முற்பணம் கேட்டார்கள். முதல் சம்பளம் வருவதற்கு முன்னால் அதைக் கட்ட வேண்டியிருக்கும், ஊரிலிருந்தே கையில் கொண்டுபோங்கள். ரசீது வாங்குங்கள்.

அறை பார்க்கும்போது பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் தூங்கப்போவது அந்த நேரத்தில்தான். தகரக் கூரையா, மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, பக்கத்தில் வெல்டிங் கடை இருக்கிறதா என்று பாருங்கள். பாண் ஓட்டோவின் பாட்டுக்கு மட்டும் நாட்டில் எங்கு போனாலும் தப்ப முடியாது, காதடைப்பான் வாங்கிவிடுங்கள். திரைச்சீலைக்குக் கறுப்புத் தடித் துணியைத் திருகோணமலை மார்க்கெட்டிலேயே எடுத்துத் தைத்துக்கொண்டு போனேன், கடையில் ஆயத்தமாக வாங்குவதைவிட நல்ல மலிவு.

அறைத்தோழிகளும் இதே வேலை என்றால் இன்னொரு தலையிடி: ஒருத்தி நாலு மணிக்கு எழும்புவாள், ஒருத்தி நாலு மணிக்கு வருவாள். நாங்கள் கதவில் ஒரு அட்டை தொங்கவிட்டோம். யார் தூங்குகிறார், எத்தனை மணி வரை என்று அதில் எழுதியிருக்கும். அலாரத்தை ஒருமுறைக்கு மேல் அடிக்க விடக் கூடாது என்று சட்டம் போட்டதில் சண்டையே வந்தது.

6. ஸ்டாண்ட்பை நாளில் ஊரில் இருக்காதீர்கள்

சுருக்கமாக: வீட்டு ஸ்டாண்ட்பை என்றால் "லீவு மாதிரி" இல்லை. கூப்பிட்டால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும், நிலாவெளியில் இருந்துகொண்டு அது நடக்காது. ஐரோப்பிய விதியில் வீட்டு ஸ்டாண்ட்பை 16 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, அதில் கால்வாசி பணி நேரமாகவும் கணக்கில் சேரும். பலர் கொப்பியில் எழுத மறப்பது இந்தக் கால்வாசியைத்தான். ஸ்டாண்ட்பை தொடங்கியதும் விழித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. போனைச் சத்தமாக வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

7. விமானம் பிந்தினால், கப்டன் கேட்டால்

நீங்கள் தங்கியிருக்கும் இடத்தை விட்டு வெளிக்கிட முன்னமே கம்பனி தாமதத்தைச் சொன்னால் ஒரு கணக்கு, ரிப்போர்ட் பண்ணிய பிறகு பிந்தினால் வேறு கணக்கு. இரண்டாவதில் பணிநேரக் கடிகாரம் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது. அதனால் குறுஞ்செய்தி வந்த நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தொலைபேசியில் சொன்னால் நேரத்தையும் சொன்னவரின் பதவியையும் எழுதுங்கள்.

எதிர்பாராமல் பிந்தி எஃப்டிபி தாண்டும் நிலை வந்தால், கப்டன் தன் விருப்புரிமையில் அதை நீட்டலாம், வழமையான குழுவுக்கு அதிகபட்சம் 2 மணித்தியாலம். இதைக் கம்பனி உத்தரவாகப் போட முடியாது, முடிவு அவருடையது. முடிவெடுக்க முன் குழுவினர் எல்லோரிடமும் எவ்வளவு முழிப்பாக இருக்கிறீர்கள் என்று அவர் கேட்க வேண்டும் என்பதும் விதி. புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில். கேபின் குழுவின் தலைவரான பர்சர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவார், முன்னால் நின்ற நான்கு பேரும் "ஓகே" என்பார்கள், ஐந்தாவதாக நிற்கும் நீங்களும் "ஓகே" என்பீர்கள். மேசையில் தலை வைத்தால் தூங்கிவிடுவேன் என்றால் அதையே சொல்லுங்கள். கப்டன்மார் பெரும்பாலும் கோபிக்கமாட்டார்கள், அவர்களுக்கும் அதே இரவுதான்.

8. களைப்பு அறிக்கை எழுதுவது

என் முதல் அறிக்கை மூன்று வரி: "மிகவும் களைப்பாக இருந்தேன். தூக்கம் போதவில்லை. கவனிக்கவும்." ஒரு வாரத்தில் பதில் வந்தது: உங்களுக்கு வழங்கிய ஓய்வு விதிப்படி சரி, ஓய்வைச் சரியாகப் பயன்படுத்துவது குழுவினரின் பொறுப்பு. அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. ஓய்வு வாய்ப்பைத் தருவது கம்பனியின் கடமை, அதை நன்றாகப் பயன்படுத்துவது நம் கடமை என்றுதான் விதியே எழுதியிருக்கிறது. பஸ்ஸில் போன ஓய்வுக்கு அவர்களிடம் நியாயம் கேட்க முடியாது.

மற்றப் பாதிக்கு, அதாவது ரோஸ்டரே ஆளைத் தின்னும்போது, அறிக்கையை இப்படி எழுதுங்கள்.

நடந்த அன்றோ மறுநாளோ எழுதுங்கள், வாரம் கடந்தால் ஞாபகம் பொய் சொல்லும். கடைசி 72 மணித்தியாலத்தில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை தூங்கினீர்கள் என்று மணியோடு. எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், களைப்பு உறைத்த நேரத்தில் எத்தனை மணித்தியாலமாக விழித்திருந்தீர்கள். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் கவனத்துக்குச் சமமாக மந்தமாகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆகவே இந்த எண் வெட்டியானதல்ல. ரோஸ்டரில் என்ன இருந்தது, உண்மையில் என்ன நடந்தது. அப்புறம் என்ன தவறவிட்டீர்கள்: அறிவிப்பை இரண்டுமுறை வாசித்தேன், 23சீ பயணியின் சைவச் சாப்பாட்டை மறந்தேன், லீவரைப் பார்க்கவில்லை. "களைப்பு" என்ற சொல்லைவிட இந்தச் சின்ன விஷயங்கள்தான் வாசிப்பவரை நிமிர வைக்கும்.

படிவத்தில் 1 முதல் 7 வரை ஒரு அளவு இருந்தால், 1 என்றால் முழு முழிப்பு, 7 என்றால் ஒன்றும் செய்ய முடியாத களைப்பு. எல்லாவற்றுக்கும் 7 போட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

அனுப்பியதும் வரும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி: களைப்புக்கு "சுகமில்லை" என்று லீவு சொல்வது. சுலபம்தான், நானும் செய்தேன். ஆனால் கம்பனியின் பதிவில் அது காய்ச்சலாகத்தான் நிற்கும். அந்த ரோஸ்டர் அடுத்த மாதமும் அப்படியே வரும்.

9. அம்மா தரும் மாத்திரை

தடிமனுக்கு நம் வீடுகளில் முதலில் வருவது பிரிட்டோன். அது தூக்கத்தைத் தரும், மந்தம் மறுநாளும் நிற்கலாம். இருமல் சிரப் சிலவற்றிலும் அதே மருந்து இருக்கும். விமானசேவை மருத்துவரைக் கேட்காமல் பறப்பதற்கு முன் எதையும் விழுங்காதீர்கள், தூக்க மாத்திரையைத் தொடவே வேண்டாம். கோப்பி குடிப்பவர்கள் படுக்கப்போக ஆறு மணித்தியாலம் முன்னால் நிறுத்துங்கள். இரவு வேலைக்கு முன் ஒரு குட்டித் தூக்கம் போடலாம், இருபது நிமிடம் போதும், ஒரு மணித்தியாலம் ஆனால் எழும்பும்போது தலை பாறாங்கல்.

10. கொப்பி

ஆப் எல்லாம் இருக்கின்றன, நான் பாவிப்பது 80 பக்க சீஆர் கொப்பி. நாளுக்கு ஒரு வரி: ரிப்போர்ட்டிங், விமானம் அசைந்தது, நின்றது, பணி முடிந்தது, தூங்கியது, எழும்பியது. ரோஸ்டர் முதலில் வெளியான வடிவத்தைத் தனியாகச் சேமியுங்கள். பிறகு மாற்றினால் பழையது திரையிலிருந்து மறைந்துவிடும்.

குழுவினரின் பணி, ஓய்வுப் பதிவுகளைக் கம்பனி 24 மாதம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் உங்கள் பதிவின் பிரதியை உங்களுக்குத் தரவும் வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. உங்கள் கையேட்டில் இதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்து, மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். நான் கேட்டு இரண்டு வாரத்தில் வந்தது. கொப்பியோடு ஒப்பிட்டதில் ஆறு மாதத்தில் மூன்று இடம் பொருந்தவில்லை. ஒன்றைத் திருத்தினார்கள். மற்ற இரண்டும் என் பிழை, ஸூலுவைக் கூட்டும்போது திகதியை விட்டிருந்தேன்.